ஒரே சீட்டில் வந்த இருவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டுக் கோடை. போர் முடிந்து ஏழெட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆயினும் குண்டு விழுந்த பாலங்கள் விழுந்தபடியே கிடந்தன, இரயில் ஓடவில்லை. அந்தக் கோடையில்தான், நெடுஞ்சாலையின் சோதனைச் சாவடி ஒன்றில் என் அண்ணனும் அண்ணியும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். சந்தித்தார்கள் என்று சொல்வதைவிட, ஓர் எழுத்தர் அவர்களை ஒரே தாளில் எழுதிவிட்டார் என்று சொல்வதே பொருந்தும்.

பயண அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தச் சாலையில் யாரும் நடக்கக் கூடாது. தனியாக வரும் பெண்ணுக்குச் சீட்டே கிடையாது. அன்று எழுத்தரிடம் மிஞ்சியிருந்ததோ ஒரே ஒரு தாள். அதில் அவர், "ஆண் ஒருவர், பெண் ஒருவர், கண்ணாடி இருபது, மருந்துப் பெட்டி ஒன்று" என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். வழியில் இருந்த ஒவ்வொரு சாவடியிலும் இருவரும் சேர்ந்தே நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மற்றவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அண்ணன் சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. போரில் உடையாத சன்னலே இல்லாததால், போகும் ஊரெல்லாம் அவருக்கு வேலை இருந்தது. கண்ணாடிகளை வைக்கோல் இட்டு அடுக்கி, மரச் சட்டத்தில் கட்டி முதுகில் சுமப்பார். அந்தச் சுமையோடு வேகமாக நடக்க முடியாது; நினைத்த இடத்தில் உட்காரவும் முடியாது. சுவரோ மரமோ கண்டால், முதுகைச் சாய்த்து நின்றபடியே இளைப்பாறுவார்.

அண்ணி, பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் மூத்த மகள். வயது இருபத்தாறு. சுகாதாரத் துறையில், பெரியம்மை வராமல் தடுக்க அம்மை குத்தும் பணியில் இருந்தார். அம்மைப்பால் அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழல்களைத் தகரப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் இறக்கி எடுத்துச் செல்வார். அது சூடுபடக் கூடாது, நாள்பட்டாலும் வீணாகும். ஆகவே அவர் எப்போதும் விரைந்தே நடப்பார். நான் அறிந்தவரை, கடைசிவரை அந்த நடை மாறவில்லை. சமையலறையிலிருந்து கொல்லைக்குப் போவதாக இருந்தாலும் யாரோ காத்திருப்பதைப் போலத்தான் போவார்.

இந்த இருவரையும்தான் ஒரே சீட்டு கட்டிப்போட்டிருந்தது. அண்ணி அரை மைல் முன்னால் போவார். சாவடி தெரிந்ததும் மரத்தடியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். அண்ணன் ஆமைபோல் வந்து சேர்வார்.

"நீங்க நடக்கிற நடைக்கு, அம்மை நமக்கு முன்னாடி ஊருக்குப் போய்ச் சேர்ந்திடும்."

"அதுக்கு என்ன டாக்டரம்மா, கையை வீசிக்கிட்டுப் போகும். நான் இருபது கண்ணாடியோட போறேன்."

"நான் டாக்டர் இல்லை. எத்தனை தரம் சொல்றது?"

"என் முதுகுக்கு மருந்து சொல்லாதவரைக்கும் நீங்க டாக்டர் இல்லைதான்."

இரண்டாவது சாவடியின் காவலர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "ஒரே சீட்டுல ரெண்டு பேருன்னா புருஷன் பொண்டாட்டிதானே?" என்றாராம்.

"அதே சீட்டுல கண்ணாடியும் இருக்கு. அதுங்க என்ன, எங்க பிள்ளைங்களா?" என்று கேட்டிருக்கிறார் அண்ணி.

காவலர் சிரிக்கவில்லை. சிரித்தவர் அண்ணன். சிரித்ததில் முதுகுச் சட்டம் குலுங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றுவிட்டாராம். அந்த மனிதரைத் தமக்குப் பிடித்துப்போனது அந்தக் கணத்தில்தான் என்று, வெகுகாலம் கழித்து அண்ணி என்னிடம் சொன்னார்.

இரண்டாம் நாள் மாலை, கிணற்றடியில் அண்ணன் திரும்பினார். கண்ணாடி சுமப்பவர் திரும்பினால், அவருடைய முதுகும் தனியாக ஒருமுறை திரும்பும். சட்டத்தின் மூலை பட்டு, கிணற்றுச் சுவரின்மேல் இருந்த மண்பானை கீழே விழுந்து நொறுங்கியது. தகரப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணி குனிந்து பானை ஓடுகளைப் பொறுக்கினாராம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்பார் அண்ணன்.

அவர் தம் கண்ணாடிகளுக்கு இடையிலிருந்து ஒரு கை வைக்கோலை உருவிக் கொடுத்தார். அதை நனைத்துப் பெட்டியைச் சுற்றிப் பொதிந்தார்கள். பகல் முழுவதும் நிழல் இருக்கும் இடம் சுமையின் அடிப்பகுதி ஒன்றுதான் என்பதால், பொதியை அங்கேயே கட்டினார்கள்.

"குளிர்ச்சி குறையவே கூடாது. மணிக்கொரு தரம் தண்ணி தெளிக்கணும்," என்றார் அண்ணி.

"தெளிச்சிடலாம். தண்ணி என் கண்ணாடி மேல ஏறாமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்."

கண்ணாடித் தொழிலில் ஈரம் பெரும் பகை. அடுக்கிய கண்ணாடிகளுக்கிடையே ஈர வைக்கோல் இருந்தால், கண்ணாடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தாலும் புகை படிந்ததுபோல் மங்கிவிடும். பிறகு எதைக் கொண்டு துடைத்தாலும் அந்த மங்கல் போகாது.

மூன்றாம் நாள் நண்பகல், கூரை பாதி போன ஒரு சுங்கச்சாவடிக் கட்டடத்தில் தங்கினார்கள். அண்ணியின் பாதங்களில் கொப்புளம் கண்டு உடைந்திருந்தது. சுவரோரம் சாய்ந்தவர் அப்படியே உறங்கிவிட்டார். அண்ணன் சுமையை இறக்கிப் பார்த்தார். கீழிருந்த ஈரம் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. அவர் கட்டுகளைப் பிரித்து, வைக்கோலை வெயிலில் பரப்பி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சுவரில் சாய்த்தார். தகரப் பெட்டியை நிழலாக இருந்த சன்னல் விளிம்பில் வைத்தார். வேலை முடிந்த களைப்பில் அவரும் கண்ணயர்ந்தார்.

விழித்தபோது வெயில் சன்னலுக்கு வந்திருந்தது; அண்ணி இன்னும் உறக்கத்தில் இருந்தார். பெட்டியைத் தொட்டதும் விரல் சுட்டது. பதறித் திறந்து பார்த்தார். ஒரு குழலிலும் விரிசல் இல்லை.

கண்ணாடியோடு வாழ்ந்தவர் அவர். சூடேறிய கண்ணாடியின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் அது வெடிக்கும். மெதுவாக ஆறவிட்டால் எந்தக் குறையும் இல்லாமல் பழையபடி ஆகிவிடும். அண்ணி குளிர்ச்சி, குளிர்ச்சி என்றதெல்லாம் குழல் வெடிக்காமல் இருப்பதற்காகவே என்று அவர் எண்ணியிருந்தார். ஆகவே பெட்டியை உலர்ந்த துணியில் சுற்றி, ஒரு மணிநேரம் பொறுமையாக ஆறவைத்தார். அதன்பிறகு ஈர வைக்கோலில் பொதிந்து, இருந்த இடத்தில் கட்டினார். குழல் ஒன்றும் உடையாததால், சொல்வதற்கு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் குடியிருப்பை அடைந்தார்கள். வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள். வாசலெல்லாம் செம்மண் தூசி. அண்ணி ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு அம்மை குத்தினார். அழுத குழந்தைகளுக்கு அண்ணன் உடைந்த கண்ணாடித் துண்டால் சுவரில் வெயிலை ஆடவிட்டு வேடிக்கை காட்டினார். பிறகு அரைநாள் நடந்து நகரத்துக்குச் சென்றார்கள்.

அம்மை குத்துகிறவருக்கு எட்டாம் நாள் முக்கியமானது. குத்திய இடத்தில் கொப்புளம் எழுந்திருந்தால் மருந்து ஏற்றது என்று பொருள். எழாவிட்டால் மறுபடியும் குத்த வேண்டும். எட்டாம் நாள் திரும்பிச் சென்று ஒவ்வொரு கையாகப் பார்த்த பிறகே பதிவேட்டில் "ஏற்றது" என்று எழுத வேண்டும்.

அம்மை குத்தியதிலிருந்து ஐந்தாம் நாள், நகரத்துப் பள்ளியொன்றில் சன்னலின் மேற்சட்டத்திலிருந்து நழுவிய கண்ணாடி, அண்ணனின் முன்கையை முழங்கைவரை கிழித்துவிட்டது. மருத்துவமனையில் படுக்கையும் இல்லை. கட்டு மாற்ற ஆளும் இல்லை. வராந்தாவில் கிடந்த அவருக்கு, ஆறு நாள்கள் அண்ணிதான் கட்டு மாற்றினார், கஞ்சி ஊட்டினார். எட்டாம் நாள் அந்த ஆறு நாள்களுக்குள் வந்து போயிற்று. ஒரே சீட்டில் வந்தவர் தனியாகச் சாவடியைக் கடக்க முடியாது என்பது உண்மைதான்.

"நகரத்துல எங்க மேலதிகாரிகிட்டக் கேட்டிருந்தாத் தனிச் சீட்டு வாங்கிக் கொடுத்திருப்பாங்க. நான் கேக்கலை. போக மனசு வரலை," என்று அண்ணி என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மேற்பார்வையாளர் பதிவேட்டைக் கேட்டபோது, அண்ணி நூற்றுப் பன்னிரண்டு பெயர்களுக்கும் எதிரே "ஏற்றது" என்று எழுதிக் கொடுத்தார். அதுவரை அவர் குத்தியவற்றில் ஏற்காமல் போனவை மிகச் சில. அந்த நம்பிக்கையில் எழுதிவிட்டார்.

மழைக்காலம் தொடங்கும்போது இருவருக்கும் திருமணம் ஆயிற்று. எங்கள் அம்மாவுக்கு இந்த மருமகளிடம் முதலில் அச்சம்தான். "படிச்ச பொண்ணு, நம்ம பேச்சுலயே தப்புக் கண்டுபிடிப்பா," என்பார். அண்ணி அம்மாவின் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. என்னுடைய நகத்தில் அழுக்கைத்தான் கண்டுபிடித்தார். வீட்டில் சிரிப்பு இருந்த காலம் அது. ஐந்து மாதங்கள் இருக்கும்.

குளிர் முடியும் சமயத்தில் பெரியம்மை பரவியது. கையிருப்பில் இருந்த மருந்து குறைவு. யாருக்குக் குத்துவது என்று பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்தார்கள். சூளைக் குடியிருப்பில் எல்லாருக்கும் ஏற்றிருப்பதாகப் பதிவேடு சொன்னதால், அங்கே யாரும் போகவில்லை. பெற்றோரும், எங்கள் பிள்ளைகளுக்குத்தான் குத்தியாயிற்றே என்று நிம்மதியாக இருந்தார்கள். இருபத்தேழு குழந்தைகள் இறந்தன. பிழைத்தவர்களில் இருவருக்குக் கண் போயிற்று.

செய்தி வந்த அன்றே அண்ணி தனியாகப் புறப்பட்டுப் போனார். வீடு வீடாக நின்று, எட்டாம் நாள் தாம் வராததைச் சொன்னார். யாரோ அவர் முகத்தில் சூளைச் சாம்பலை அள்ளி வீசியிருந்தார்கள். அதைத் துடைக்காமலே வீடு வந்து சேர்ந்தார்.

ஒரு வாரம் கழித்துச் சுகாதாரத் துறை மருத்துவர் விசாரணைக்கு வந்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவருகே நின்றேன். உள்ளறையில் அண்ணன் மேசைமேல் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு குழந்தைக்கு ஏற்கலைன்னா சரி. ஒருத்தருக்குமே ஏற்கலையே, அது எப்படிம்மா? வழியில வெயில் பட்டதா?"

"படலைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெயில்ல கொஞ்ச நேரம் இருந்தாப் போதும், அது செத்துப்போயிடும். அப்புறம் நீங்க குத்தினது வெறும் தண்ணி."

"வெயில் படவே இல்லைங்க. நாலு நாளும் நான் பக்கத்துலயே இருந்தேன். இவரும் கூட இருந்தாரு, வேணும்னா கேட்டுப் பாருங்க. தப்பு என்னுடையதுதான். எட்டாம் நாள் போய்ப் பார்த்திருந்தா மறுபடி குத்தியிருப்பேன்."

மருத்துவர் அண்ணனைக் கேட்கவில்லை. மருந்து தயாரித்த இடத்திலேயே கெட்டிருக்கலாம் என்று எழுதிக்கொண்டார். உள்ளே, கண்ணாடியைக் கீறும் ஓசை பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் இழுத்த கோடு கோணியிருந்தது. அவர் கையில் கோடு கோணியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அண்ணிக்காக வருந்துகிறார் என்றே நினைத்தேன்.

அண்ணிக்கு வேலை போயிற்று. அதன்பிறகு அவர் அண்ணனின் கண்ணாடிக் கடையிலேயே இருந்தார். சுண்ணாம்புத் தூளையும் எண்ணெயையும் பிசைந்து, சன்னல் விளிம்புக்குப் பூசும் பசையை உருட்டுவார். கடைக்கு யார் வந்தாலும் அவருடைய பார்வை முதலில் வந்தவரின் மேற்கைக்குப் போகும். அம்மை குத்திய தழும்பு இருந்தால் பார்வை முகத்துக்கு ஏறும். சட்டைக் கை மறைத்திருந்தால் பேச்சில் மனம் செல்லாது. குழந்தை வேண்டாம் என்று இருந்துவிட்டார். எங்கள் அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்.

ஆனால் அந்த நான்கு நாள்களின் கதையை மட்டும் அவர்கள் விடவில்லை. விருந்தினர் வந்தால் அண்ணன் சொல்லத் தொடங்குவார். சாவடிக் காவலர் கட்டம் வந்ததும் அண்ணி தம் வரியைத் தாமே சொல்வார். தம் வாழ்க்கையில் கறைபடாத நாள்கள் அவை மட்டுமே என்று அண்ணி எண்ணியிருந்தார். கதையில் இரண்டாம் நாள் மாலைக்கு அடுத்து நான்காம் நாள் காலை வந்துவிடும். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அண்ணன் நல்லவர். நான் தங்கை என்பதால் சொல்லவில்லை. குடிக்க மாட்டார், யாரையும் ஏய்க்க மாட்டார், அண்ணியை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் முப்பத்து மூன்று ஆண்டுகள், தம் சுமையில் ஒரு பங்கையும் சேர்த்து அண்ணி சுமப்பதைப் பார்த்துக்கொண்டே உண்டு உறங்கினார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில், உலகத்திலிருந்தே பெரியம்மை ஒழிந்துவிட்டதாக வானொலி அறிவித்தது. நான் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன். அண்ணி பசை படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"எல்லாரும் ஒழுங்காப் பார்த்திருக்காங்க. எட்டாம் நாள் எல்லாரும் போயிருக்காங்க. நான் ஒருத்திதான் போகலை."

அண்ணன் வானொலியை நிறுத்தினார். "அழாதே. உன்மேல மட்டும் தப்பு இல்லை," என்று தொடங்கி, அந்த மூன்றாம் நாள் நண்பகலைச் சொன்னார்.

அண்ணியின் அழுகை நின்றது. விசாரணைக்கு வந்த மருத்துவரைப் போலக் கேட்டார்.

"சன்னல் எந்தப் பக்கம்?"

"மேற்கு."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணிநேரம் இருக்கும்."

"கை சுட்டுச்சா?"

"சுட்டுச்சு."

"அந்த டாக்டர் வந்தப்ப உள்ளேதானே இருந்தீங்க?"

அண்ணன் தலையசைத்தார்.

"நீங்க சாட்சின்னு சொன்னேனே. அதையும் கேட்டீங்களா?"

"கேட்டேன். சொன்னா என்னை விட்டுப் போயிடுவியோன்னு பயம். அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பியேன்னு பயம். அந்தப் பயம் வருஷத்துக்கு வருஷம் பெருசாச்சே தவிரக் குறையலை."

"அப்பவே தெரிஞ்சிருந்தாலும் நான் எட்டாம் நாள் போயிருக்கணும். என் தப்பு அப்படியே இருக்கு," என்றார் அண்ணி. "அந்த நாலு நாளையாவது எனக்குன்னு விட்டு வச்சிருக்கலாம் நீங்க."

சொல்லாமல் இருந்தது குற்றமா, சொன்னது குற்றமா என்று அண்ணனுக்கு விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை. அண்ணி தம் படுக்கையைக் கடையின் முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். சமைத்தார், துவைத்தார், பசை உருட்டினார். "சாப்பிட வாங்க", "ஆள் வந்திருக்கு" என்பவற்றைத் தாண்டி அவர்களிடையே பேச்சு இல்லை. விருந்தினர் வந்தால் அண்ணன் அந்தக் கதையை எடுப்பதில்லை. யாராவது கேட்டால், "எல்லாம் மறந்துபோச்சு," என்பார்.

இரண்டாண்டுகளில் அண்ணிக்கு வயிற்றில் கட்டி கண்டது. அறுவைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். நான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். ஒருநாள் காலை, அண்ணனை அருகே அழைக்கச் சொன்னார்.

"நான் அந்த ஜனங்ககிட்டப் பாதிதான் சொல்லியிருக்கேன். மீதி உங்ககிட்ட இருக்கு. போய்ச் சொல்லிட்டு வாங்க."

"முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சேம்மா. இப்ப யார் இருக்கப்போறாங்க?"

"இருக்கிறவங்ககிட்டச் சொல்லுங்க. நான் இருக்கும்போதே போங்க."

"உன்னை இந்த நிலைமையில விட்டுட்டா?"

"ஒருதரம் உங்களை விட்டுட்டுப் போகாம இருந்தேன். அதனால வந்ததைப் பார்த்தாச்சே."

எழுபது வயதில், கைத்தடியோடு அண்ணன் பேருந்து ஏறினார். அன்று மாலையே திரும்பிவிட்டார். முகம் வெளிறியிருந்தது. கட்டிலருகே நின்றவரிடம், "யாரைப் பார்த்தீங்க?" என்று கேட்டார் அண்ணி. குரல் மெலிந்திருந்தது.

"ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா. வயசு என்னைவிட அதிகம். முழுசும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க? மழுப்பாமச் சொல்லுங்க."

"உன் பொண்டாட்டி அன்னைக்கே வந்து நின்னா, சாம்பலை வீசி ஆத்திக்கிட்டேன். நீ இப்ப வர்றே. வீசுறதுக்கு என் கையில வலு இல்லையேன்னாங்க. அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டாங்க."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று நினைத்து நான் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தார்.

"ஒரு வீட்டுக்குத்தான் போனீங்களா?"

"ஆமா. அதுக்குமேல கால் நகரலை."

"பிள்ளை போன வீடு இருபத்திரண்டு," என்றார் அண்ணி. "நாளைக்கு மத்த வீடுகளுக்கும் போங்க."